அரச குடும்பத்து டியாராக்கள் யாருக்குச் சொந்தம்? மாமியாருக்கா, நாட்டுக்கா?

பவானி_ஈரோடு

பக்கிங்ஹாம் அரண்மனை விருந்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேல்ஸ் இளவரசி கேத்தரின் தலையில் முத்து முத்தாகத் தொங்கும் டியாரா, அதாவது சிறு கிரீடம், இருந்தது. அது டயானா போட்டிருந்ததுதானே? விவாகரத்து ஆனபோது திருப்பிக் கொடுத்துவிட்டாரா, இல்லை மகன் வழியாக மருமகளுக்கு வந்ததா? எங்கள் பக்கத்தில் மருமகளுக்குப் போட்ட நகையை மாமியார் திரும்பக் கேட்டால் பஞ்சாயத்து கூடிவிடும். அங்கே என்ன கணக்கு? அரசாங்கச் சொத்தா, குடும்பச் சொத்தா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பெட்டகம்

அதன் பெயர் கேம்பிரிட்ஜ் லவ்வர்ஸ் நாட். முதல் உலகப் போருக்குச் சற்று முன், ராணி மேரி தன் பாட்டி கேம்பிரிட்ஜ் சீமாட்டி அகஸ்டாவிடம் இருந்த ஒன்றைப் போலவே கேரார்ட் நகைக்கடையில் செய்யச் சொன்னது. கல்லும் முத்தும் புதிதாக வாங்கவில்லை. தன்னிடம் இருந்த வேறு நகைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். 1953இல் மேரி இறந்ததும் பேத்தி எலிசபெத்துக்குப் போனது. 1981இல் எலிசபெத் அதை டயானாவுக்கு இரவலாகக் கொடுத்தார். பரிசு என்று பல பத்திரிகைகள் எழுதின, ஆனால் இரவல்தான். 1996இல் விவாகரத்து முடிந்ததும் பெட்டகத்துக்குத் திரும்பிவிட்டது. கேத்தரின் அதைப் போட ஆரம்பித்தது 2015 கடைசியில். இப்போது அது மன்னர் சார்லஸின் கையில். கேத்தரினுக்கும் இரவல்தான்.

எனவே வில்லியம், ஹாரி வழியாக எதுவும் வரவில்லை. டயானா கல்யாணத்தன்று போட்டது ஸ்பென்சர் டியாரா, அது அவருடைய பிறந்த வீட்டுச் சொத்து. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியக்கூடாது என்பார்களே, அவர் எறியவில்லை. அது இன்றும் ஸ்பென்சர் குடும்பத்திடமே இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: இரண்டும் இருக்கிறது. லண்டன் கோபுரத்தில் இருக்கும் முடிசூட்டு நகைகள் முடியாட்சிக்குச் சொந்தம், அரசர் நினைத்தாலும் விற்க முடியாது. அடுத்து, விக்டோரியா மகாராணி தன் நகைகளில் சிலவற்றை மட்டும் தனியாகப் பட்டியலிட்டு "முடிக்கு", அதாவது முடியாட்சிக்கு, என்று எழுதிவைத்தார். ஆல்பர்ட் இளவரசர் 1853இல் வரைந்து கொடுத்த ஓரியண்டல் சர்க்லெட் என்ற டியாரா அந்த வகை. முதலில் அதில் ஓப்பல் கற்கள் இருந்தன. ஓப்பல் ராசியில்லை என்று நினைத்த மருமகள் அலெக்சாண்ட்ரா 1902இல் மாணிக்கத்தை மாற்றி வைத்தார். முடிக்குச் சொந்தமானது என்றால் விற்கத்தான் கூடாது, கல்லை மாற்றலாம் போலிருக்கிறது! இவை போக மீதி எல்லாம் தனிச்சொத்து. இன்று படங்களில் நாம் பார்க்கும் டியாராக்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகை.

ஹரோ_குமாரன்

அண்ணை, தனிச்சொத்து என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே சாதாரண ஆள் ஒருவர் செத்தால் 3,25,000 பவுண்டுக்கு மேலே உள்ளதில் 40 வீதம் பரம்பரை வரி. பிள்ளைகள் வீட்டை விற்றுக் கட்டுகிற சனத்தை எனக்குத் தெரியும். எலிசபெத் 2022இல் செத்தபோது சார்லஸ் அந்த நகைகளுக்கு ஒரு பென்னியாவது வரி கட்டினாரா? வரி என்று வந்தால் அது அரச சொத்து, போட்டுக்கொள்ள என்று வந்தால் அது தனிச்சொத்து. இதைத்தான் நான் கன காலமாகக் கேட்கிறேன்.

சட்டப்புள்ளி

குமாரன், கோபம் நியாயம். ஆனால் அந்த விலக்கு எழுத்தில் இருக்கிறது. 1992 நவம்பரில் விண்ட்சர் கோட்டை எரிந்தது. யார் செலவில் பழுது பார்ப்பது என்று நாடே கொதித்தது. அந்தச் சூட்டில்தான் எலிசபெத் வருமான வரி கட்டச் சம்மதித்தார். 1993 பிப்ரவரியில் ஜான் மேஜர் அரசு அறிவித்த உடன்பாடு அது. அதிலேயே பரம்பரை வரிக்கு ஒரு விலக்கும் வைத்தார்கள்: அரசர் அடுத்த அரசருக்கு விட்டுச்செல்வதற்கு வரி இல்லை. மறைந்த அரசரின் துணைவி, ஆட்சியில் இருக்கும் அரசருக்குக் கொடுப்பதற்கும் இல்லை. 2002இல் ராணித்தாய் தன்னிடம் இருந்ததை எல்லாம் மகள் எலிசபெத்துக்கே எழுதிவைத்ததை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். கிரெவில் என்ற செல்வச் சீமாட்டி 1942இல் இறக்கும்போது ராணித்தாய்க்கு எழுதிவைத்த டியாராக்கள் உட்பட எல்லாம் வரியில்லாமல் வந்து சேர்ந்தன.

அதே 2002இல், சில வாரங்களுக்கு முன்தான் இளவரசி மார்கரெட் இறந்தார். அவர் பிள்ளைகள் அரசர்கள் அல்ல, வரி கட்டியாக வேண்டும். 2006 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் தாயின் நகைகளை விற்றார்கள். மார்கரெட் 1960இல் கல்யாணத்துக்குப் போட்ட போல்டிமோர் டியாரா 9,26,400 பவுண்டுக்குப் போனது. 1959இல் அதை ஏலத்தில் எடுத்த விலை 5,500 பவுண்டுதான். ஒரே வீட்டில் அக்காவிடம் இருந்தது பெட்டகத்தில் தங்கியது, தங்கையிடம் இருந்தது சந்தைக்கு வந்தது. ஆகவே எல்லாவற்றையும் ஆட்சியில் இருப்பவர் கையிலேயே வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு இரவல் கொடுப்பது பாசமோ கஞ்சத்தனமோ இல்லை, வரித் திட்டமிடல்.

பவானி_ஈரோடு

அடேயப்பா. சரி, இதில் எதையும் காசு கொடுத்து வாங்கியதே இல்லையா? எல்லாம் பரிசும் பாட்டி சொத்தும்தானா?

பழைய_பெட்டகம்

வாங்கியதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதையே அதுதான், கொஞ்சம் நீளும்.

ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டரின் தம்பி விளாடிமிர். அவர் மனைவி மரியா பாவ்லோவ்னா. 1874 கல்யாணத்துக்காக போலின் என்ற நகைக்கடை செய்த டியாரா இது. ஒன்றோடொன்று கோத்த 15 வைர வளையங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முத்து தொங்கும். 1917 புரட்சி வந்தபோது மரியா தெற்கே காகசஸில் இருந்தார், நகைகளோ செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரண்மனையின் இரும்புப் பெட்டியில். ஆல்பர்ட் ஸ்டாப்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கலைப்பொருள் வியாபாரி, குடும்ப நண்பர், மரியாவின் மகன் போரிஸின் உதவியோடு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். நகைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, தேய்ந்துபோன தோல் பைகளில் அடைத்து லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிடிபட்டிருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒரு கல்லைக்கூடத் தனக்கென்று எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மரியா 1920இல் பிரான்சுக்குத் தப்பி வந்தார், அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். நகைகளைக் கல் வாரியாகப் பிள்ளைகளுக்குப் பிரித்திருந்தார். மரகதம் போரிஸுக்கு, மாணிக்கம் ஆந்த்ரேவுக்கு, முத்து கிரில்லுக்கு, வைரம் மகள் எலேனாவுக்கு. எலேனா கிரேக்க இளவரசர் நிக்கோலஸின் மனைவி, அந்தக் குடும்பமும் அப்போது நாடு இழந்து காசுக்குத் திண்டாடியது. 1921இல் அவர் இந்த டியாராவை ராணி மேரிக்கு விற்றார். பிற்காலத்தில் எலேனாவின் மகள் மரினா மேரிக்கே மருமகளானார். அம்மா விற்ற நகையை மாமியார் தலையில் பார்த்துக்கொண்டு விருந்து சாப்பிட்டிருப்பார்.

ஒரு துணுக்கு. 1918இல் மரியாவின் தங்க சிகரெட் பெட்டிகள், சட்டைக்கைப் பொத்தான்கள் போன்றவை தலையணை உறைகளில் கட்டி சுவீடன் தூதரகத்தில் ஒப்படைக்கப்பட்டன. அப்புறம் யாரும் கேட்கவில்லை. சுவீடன் வெளியுறவுத் துறை ஆவணக் காப்பகத்தில் கிடந்து, 2009இல்தான் கண்டுபிடித்து வாரிசுகளிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதே ஆண்டு லண்டனில் ஏலத்தில் விட்டுவிட்டார்கள்.

கல்கட்டி

நான் கோவையில் கல் கட்டும் வேலை செய்கிறவன், கதையை விட்டு வேலைப்பாட்டைச் சொல்கிறேன். விளாடிமிர் டியாராவில் முத்துக்குப் பதில் மரகதத்தையும் மாட்டலாம். மூன்றாவதாக, எதையும் மாட்டாமல் வெறும் வளையமாகவும் போடலாம். எலிசபெத் மூன்று விதமாகவும் போட்ட படங்கள் இருக்கின்றன. 1924இல் மேரி செய்ய வைத்த மாற்றம் அது.

பார்க்கச் சுலபம். ஆனால் முத்தில் துளை போட்டுக் கம்பி இறக்கலாம், மரகதத்தில் அந்தத் துணிச்சல் எனக்கு வராது. பச்சைக் கல்லுக்குள் நரம்பு நரம்பாக வெடிப்பு ஓடும், ஓட்டை போட்டால் விட்டுப்போகலாம். அதனால் கல்லின் மேல்முனையைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி தொப்பி கட்டி, அந்தத் தொப்பியில்தான் கொக்கி வைப்பார்கள். 15 கல்லும் ஒரே எடையில் இருக்காது. பெரியதை நடுவிலும் சிறியதை ஓரத்திலும் வைத்தால்தான் தலையில் ஒரு பக்கம் இழுக்காது. எங்கள் பட்டறையில் மரகத நகை கழுவ வந்தால் கொதிநீரில் போடவே மாட்டோம், கல்லில் ஏற்றியிருக்கும் எண்ணெய் வெளியேறி வெளுத்துவிடும்.

டியாராக்காரர்களுக்கு நடந்த இன்னொரு கூத்து. 1947 நவம்பர் 20, எலிசபெத்தின் கல்யாண நாள் காலை. தலையில் வைக்கும்போது ஃப்ரிஞ்ச் டியாரா பட்டென்று ஒடிந்தது. அது அம்மாவின் நகை, அன்றைக்கு இரவல். கேரார்ட் ஆசாரியைக் கூப்பிட்டு, போலீஸ் துணையோடு பட்டறைக்கு அனுப்பி, ஒட்டவைத்து வாங்கினார்கள். கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுக்கதிருக்குப் பக்கத்தில் ஒரு சந்து தெரியும். அவசரத்தில் சட்டத்தைச் சரியாக நிமிர்த்தவில்லை. கதிர் கதிராக அடுக்கிக் கம்பியில் கோத்த நகைக்கு அந்தக் கஷ்டம் உண்டு, ஓரிடத்தில் விட்டால் எல்லாம் நகரும்.

பவானி_ஈரோடு

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சந்து தெரிகிறது! இனி அந்தப் படத்தில் வேறு எதுவும் கண்ணில் படாது.

அந்த மரகதங்கள் எங்கிருந்து வந்தன? மரியாவின் மரகதம் போரிஸுக்குப் போனது என்றீர்களே.

பழைய_பெட்டகம்

அவை வேறு. மேரியின் மரகதம் சீட்டுக்குலுக்கலில் விழுந்தது. நிஜமாகத்தான். 1818 வாக்கில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் தர்ம காரியத்துக்காக நடந்த ஒரு குலுக்கலில் கேம்பிரிட்ஜ் சீமாட்டி அகஸ்டாவுக்குப் பரிசாக ஒரு பெட்டி மரகதம் கிடைத்தது. அவருக்குப் பின் மகள் மேரி அடிலெய்டுக்கு, அதற்குப் பின் பேரன் டெக் இளவரசர் ஃப்ரான்சிஸுக்கு. இந்த ஃப்ரான்சிஸ்தான் ராணி மேரியின் தம்பி. கல்யாணமாகாதவர், சூதாட்டக்காரர். 1910 அக்டோபரில் திடீரென்று இறந்தபோது, குடும்ப மரகதங்கள் கில்மோரி சீமாட்டி என்ற திருமணமான பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருந்தன. இருவருக்கும் என்ன உறவு என்று லண்டன் முழுக்கத் தெரியும்.

மேரியின் கணவர் ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முடிசூட்டு விழா வரப்போகிறது. அந்த நேரத்தில் பாட்டியின் மரகதம் வேறொருத்தி கழுத்தில் வந்து நின்றால்? மேரி வம்புக்குப் போகவில்லை, பேரம் பேசி மீட்டுக்கொண்டார். 1911இல் டெல்லி தர்பாருக்காக ஒரு முழு மரகத செட் செய்தார், அந்தக் குலுக்கல் கற்கள் அதில் ஏறின. மிச்சம் இருந்தவைதான் பிறகு விளாடிமிர் வளையங்களுக்குள் தொங்கின.

மேரியைப் பேராசைக்காரி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்கா தம்பிக்கு நடுவே வீட்டை விட்டுப் போனதைத் தன் காசில் திரும்ப வாங்கியவர் அவர்.

சட்டப்புள்ளி

இந்தக் கதையின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் யார் உயில் என்றாலும் நீதிமன்றத்தில் உறுதியானபின் காசு கட்டி யாரும் வாங்கிப் படிக்கலாம். ஃப்ரான்சிஸின் உயிலைப் படித்தால் மரகத விவகாரம் வெளியே வந்துவிடும் என்று 1911இல் அதை முத்திரையிட்டு மூடச் சொல்லி நீதிமன்றத்திடம் கேட்டார்கள். காரணம் இதுதான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அரச குடும்பத்தில் அப்படி மூடப்பட்ட முதல் உயில் அது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. 2021இல் பிலிப் இளவரசரின் உயிலையும் 90 ஆண்டுகளுக்கு மூட உத்தரவானது. அந்தத் தீர்ப்பைச் சொன்ன நீதிபதி, தன் பொறுப்பில் உள்ள பெட்டகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட அரச உயில்கள் இருப்பதையும் சொன்னார்.

குமாரன் கேட்ட கேள்விக்கு இதுதான் நிஜமான தடங்கல். எந்த டியாரா முடிக்குச் சொந்தம், எது தனிச்சொத்து என்று பொதுமக்கள் பார்க்கும்படி முழுப்பட்டியல் கிடையாது. உயிலைப் பார்த்தாவது ஊகிக்கலாம் என்றால் அதுவும் மூடியிருக்கிறது. வரி விலக்குக்கூட எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. விலக்கு எதற்கெல்லாம் கிடைத்தது என்று தெரியாமல் இருப்பதுதான் குறை.

ஹரோ_குமாரன்

அதைத்தான் நான் சொல்கிறேன்! சரி, எங்கட பக்கத்து நகை ஒன்றைக் கேட்கிறேன். ஹைதராபாத் நிஜாம் கொடுத்த டியாரா எங்கே?

கோஹினூரையும் சேர்த்துக் கதைப்போமா?

மட்டுறுத்துநர்

கோஹினூருக்கு ஏற்கனவே தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். நிஜாம் டியாரா இங்கேயே தொடரலாம்.

பழைய_பெட்டகம்

நிஜாம் உஸ்மான் அலி கான் 1947 கல்யாணப் பரிசாக, கார்டியே கடையில் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எலிசபெத் ஒரு கழுத்தணியும் பூ வேலைப்பாடுள்ள ஒரு டியாராவும் எடுத்தார். கழுத்தணி அப்படியே இருக்கிறது, கேத்தரினும் போட்டிருக்கிறார். டியாராவில் இருந்த ரோஜாக்களைக் கழற்றி ப்ரூச்சாக மாட்டலாம், அந்த ப்ரூச்சுகளும் தப்பின. டியாராவின் சட்டத்தை 1973இல் பிரித்துவிட்டார்கள். அதன் வைரங்களையும், பர்மா மக்கள் அதே கல்யாணத்துக்குக் கொடுத்த 96 மாணிக்கங்களையும் சேர்த்து கேரார்ட் செய்ததுதான் பர்மிய ரூபி டியாரா. 96 நோய்களிலிருந்து காக்கும் என்ற பர்மிய நம்பிக்கையால் அந்த எண்ணிக்கை.

பவானி_ஈரோடு

ஒருவர் ஆசையாகக் கொடுத்ததைப் பிரித்து வேறு செய்வதா? மனசுக்கு ஒப்பவில்லை. அதுவும் கார்டியே வேலை.

கல்கட்டி

பவானி அக்கா, எங்களிடம் வருகிற நகைகளில் பாதி, பாட்டி நகையை அழித்துப் பேத்திக்குச் செய்வதுதான். கல் நிற்கும், கட்டுகிற விதம் மாறும். அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறு: பிரித்துச் செய்தது நன்றாக வரவில்லை. அந்த ரூபி டியாராவைப் பாருங்கள், சிவப்புக் கற்கள் பொத்தான் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. கார்டியேயின் நல்ல வேலையை அழித்து, ஒரு படி கீழே போய்விட்டார்கள்.

சட்டப்புள்ளி

சட்டப்படி பேச ஒன்றும் இல்லை, கொடுத்தால் கொடுத்ததுதான். 1947இல் நிஜாம் தன் சமஸ்தானத்தின் அரசர், தன் பணத்தில் கொடுத்தார். இதைவிடச் சுவையானது அவர் தனக்கென்று வைத்திருந்தவற்றின் கதை. வீட்டு நகைகளை அவர் அறக்கட்டளையாக எழுதிவைத்தார். வாரிசுகள் வெளிநாட்டு ஏலத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது இந்திய அரசு குறுக்கே வந்தது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 1995இல் 218 கோடி ரூபாய்க்கு அரசே வாங்கியது. ஜேக்கப் வைரம் உட்பட 173 உருப்படிகள் இப்போது ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பில். அது மக்கள் சொத்து, பட்டியலும் உண்டு. ஆனால் கண்காட்சி வைத்தால்தான் கண்ணால் பார்க்க முடியும்.

ஹரோ_குமாரன்

அப்ப ஒழுங்காகச் செய்த நாடே இல்லையா?

பழைய_பெட்டகம்

டென்மார்க். ராணி சோஃபி மக்தலேன் 1746இலேயே தன் நகைகள் எந்த ஒரு ஆளுக்கும் போகாமல் முடிக்கே சேரவேண்டும் என்று எழுதிவிட்டார். அவை கோபன்ஹேகன் ரோசன்போர்க் கோட்டையில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. ராணி மட்டும் போடலாம், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதில்லை. புத்தாண்டு விருந்துக்கு எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி காட்சிக்கே வைத்துவிடுகிறார்கள். அதே சமயம் டென்மார்க்கின் இப்போதைய ராணி மேரி வெளிநாட்டுக்குப் போட்டுப் போகும் மாணிக்க டியாரா குடும்பச் சொத்து, 2000இல் ராணி இங்க்ரிட் பேரன் ஃப்ரெடரிக்குக்கு எழுதிவைத்தது. எது எந்த வகை என்று அங்கே யாரும் குழம்புவதில்லை.

பிரிட்டிஷ் அரச வீடு சொத்து வழக்கில் தோற்றதும் உண்டு. 1837இல் விக்டோரியா பட்டத்துக்கு வந்தபோது, பெண் ஆள முடியாது என்பதால் ஹனோவர் நாடு அவர் சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸிடம் போனது. பாட்டி ராணி சார்லட்டின் நகைகள் ஹனோவருக்குச் சேரவேண்டும் என்று அவர் வழக்குப் போட்டார். இருபது வருடம் இழுத்தது, அவரும் செத்துப்போனார். 1857இல் ஹனோவர் பக்கம் தீர்ப்பு. அடுத்த மாதம் விக்டோரியா நகைப் பெட்டிகளைத் தூதரிடம் கொடுக்கவேண்டி வந்தது, அதுவும் மூத்த மகளின் கல்யாண வாரங்களில்.

பவானி_ஈரோடு

குமாரன் தம்பி, அக்டோபரில் லண்டன் வருகிறோம். இந்த அரச டியாராக்களில் ஒன்றையாவது நேரில் பார்க்க வழி உண்டா?

ஹரோ_குமாரன்

உண்டு அக்கா. சவுத் கென்சிங்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், அனுமதி இலவசம். நகைக் கூடத்தில் விக்டோரியாவின் நீலக்கல் சிறுமகுடம் இருக்கிறது. ஆல்பர்ட் 1840இல், கல்யாணமான வருசம், வரைந்து கொடுத்தது. பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் தன் மகள் மேரிக்கு 1922 கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தது இரவல் இல்லை, பரிசு. அதனால் அந்த வழி வாரிசுகள் விற்க முடிந்தது. 2016இல் நாட்டை விட்டுப் போகப்போகிறது என்றதும் அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. விலை 50 லட்சம் பவுண்ட். அடுத்த வருசம் பொலிஞ்சர் தம்பதி வாங்கி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வாருங்கள், அன்றைக்கு இரவு வரை திறந்திருக்கும், நானும் வேலை முடித்து வருகிறேன்.

கல்கட்டி

அக்கா, பார்க்கும்போது முன்பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். பின்பக்கம் தெரிகிற மாதிரி நின்று, நீலக்கல்லுக்குப் பின்னால் தகடு அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பார்த்து இங்கே வந்து சொல்லுங்கள்.